இரண்டாவது கோடு

மருமகளின் காலடிச் சத்தம் பின்கட்டுப் பக்கம் தேய்ந்து மறைந்த பிறகுதான் மாமனார் மெஷின் அறைக்குள் கால் வைத்தார்.

தாமே நின்று கட்டிய வீடு. அதற்குள் பூனைபோல் நடக்க வேண்டியிருந்தது.

மெஷின் மேசைமேல் துணி போர்த்திக் கிடந்தது. தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் அலுமினியக் கட்டியை வெண்ணெய்போல் வழித்தெடுக்கும். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. தொடக்கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு.

இன்னும் கொஞ்ச நேரத்தில் புது ஆபரேட்டர் வந்துவிடுவார். தொழில் தெரிந்தவன் கண் முதலில் வேகக் குமிழுக்குத்தான் போகும். ஆறில் இருக்க வேண்டிய குமிழ் இரண்டில் நிற்கும்.

அதை இரண்டுக்குத் திருப்பியது அவர் கை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தி வந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் வீறிட்டுக்கொண்டிருந்தது. சம்பந்தி காதைக் குடைந்துகொண்டே, “உள்ள கத்துறது யாரு, உங்க மருமகளா?” என்றார்.

கூடமே சிரித்தது. மாமனாரும் சிரித்தார். உதடுதான் சிரித்தது.

மருமகள் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த நேரம் பார்த்து உள்ளே போனார். குமிழைத் திருகினார். சத்தம் அடங்கியது. குடும்ப மானத்தைக் காப்பாற்றிய நிம்மதியோடு நாற்காலிக்குத் திரும்பினார்.

உலோகத்தைச் சீவும் கட்டர் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பது குமிழின் பொறுப்பு. எவ்வளவு வேகமாக முன்னேற வேண்டும் என்பது மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டரின் பொறுப்பு. குமிழில் குறைத்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தளர்ந்து சுழன்ற கட்டரைக் கம்ப்யூட்டர் பழைய அவசரத்திலேயே பிடித்துத் தள்ள, ஒவ்வொரு பல்லும் தாங்க முடியாத அளவுக்குக் கடித்தது.

டப்.

கட்டர் ஒடிந்த சத்தத்துக்கு அவள் ஓடினாள். பதற்றத்தில் வேறு கட்டர் மாட்டி, அடுத்த கட்டியை ஓட்டினாள். அதுவும் டப்.

வாடிக்கையாளர் தம் கையால் கொண்டுவந்து கொடுத்திருந்த கட்டிகள் இரண்டே இரண்டு. இரண்டும் பாழ்.

ஐந்து மணிக்கு அந்த மனிதர் வந்தார். அவரை வைத்துக்கொண்டே மாமனார் தீர்ப்புச் சொன்னார்: “முப்பது வருஷமா நான் சேர்த்த பேர ஒரே நாள்ல ஒடிச்சிட்டியேம்மா. இனிமே நீ அந்த மெஷின் பக்கமே போகாத.”

மகன் வாங்கிப் போட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்ட மெஷின் அது. மூன்று வருடம் அதோடு மல்லுக்கட்டி, ஒவ்வொரு உலோகத்துக்கும் உரிய வேகத்தைக் கண்டுபிடித்து, அதைச் சோறு போடும் மெஷினாக ஆக்கியவள் அவள்.

“என் கணக்குத்தான் தப்பா இருக்கும் மாமா” என்றாள். குரல் நடுங்கவில்லை.

அதுதான் மூன்று நாளாக அவர் தூக்கத்தைத் தின்றது. அழுதிருந்தால் பெரிய மனசு பண்ணி மன்னித்திருப்பார். தப்பே செய்யாதவளை மன்னிப்பது எவ்வளவு சுலபம்.

குமிழை ஆறுக்குத் திருப்பிவிட்டால் தீர்ந்தது. இரும்புக்கு ஏது வாய்?

துணியை விலக்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஆறுக்கு நேரே ஒரு வெள்ளைக் கோடு. அது அவள் பழக்கம். எந்தத் திருகு எங்கே நிற்கிறது என்று பார்த்ததும் வெள்ளை மையால் கோடு கிழித்து, பக்கத்தில் பொடி எழுத்தில் தேதியும் மணியும் போட்டுவிடுவாள். தேதி இல்லாத கோடு புளுகும் என்பாள்.

இரண்டுக்கு நேரேயும் ஒரு கோடு இருந்தது.

விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்து இறுகியிருந்தது. பக்கத்தில் செவ்வாய்க்கிழமைத் தேதி. மணி மூன்று நாற்பது.

வாடிக்கையாளர் வருவதற்கு ஒரு மணி இருபது நிமிடம் முன்னால்.

மாமனாரின் விரல் குமிழிலேயே ஒட்டிக்கொண்டது.

“மாமா, ஆபரேட்டர் வந்துட்டாரு” என்று அவள் குரல் கேட்டது. “உள்ள அனுப்பட்டுமா, கொஞ்சம் உக்காரச் சொல்லட்டுமா?”

கதவு திறந்துதான் இருந்தது. அவள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. குமிழைத் திருப்ப ஒரு நொடி போதும். அந்த நொடியை அவள் வெளியே நின்று அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் கையை எடுத்தார். குமிழ் இரண்டிலேயே நின்றது.

“நீயும் கூட வாம்மா” என்றார்.