கண்ணளவு

லேசர் கருவியை இர்ஃபான் ஸ்டாண்டில் வைத்ததும் அது சற்றே ஆடி, தானாகவே மட்டம் பிடித்து நின்றது. சிவப்புக் கோடு சுவர் முழுக்க ஓடியது. அந்தக் கோட்டின்படி, எமிலியின் இறந்துபோன கணவர் படத்தை மற்ற படங்களின் பக்கத்தில் மாட்டினான்.

“அவரு படம் கோணலா இருக்கே, தம்பி.”

“இதுதான்க்கா நேரா இருக்கு. மத்ததெல்லாம்தான் கோணல்.”

மற்றதையெல்லாம் கணவர்தான் கண்ணளவில் மாட்டியிருந்தார். எமிலி சுவரையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப இதையும் அவரு கண்ணளவுக்கே மாட்டிருங்க.”

அவர் கண் எந்த உயரத்திலிருந்து பார்த்திருக்கும் என்று இர்ஃபானுக்குப் புரியவில்லை. “அவரு எவ்ளோ உயரம்க்கா?”

எமிலி தலைக்குமேல் கையை உயர்த்தினாள். இறக்கினாள். மறுபடி கொஞ்சம் உயர்த்தினாள். சிவப்புக் கோடு அவள் விரல்களில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.