பள்ளிப்பையில் ஃபொக்காச்சா

பள்ளிப்பையைக் கவிழ்த்ததும், பாதி கடித்த ஃபொக்காச்சா ரொட்டி எண்ணெய் மினுங்க விழுந்தது. ஒர்னெல்லா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

இத்தாலியின் ஜெனோவாவில் முக்குக்கு முக்கு அதுதான் மணக்கும். ஆனால் கோதுமை துளி பட்டாலும் ஏழு வயது நிவெஸின் குடல் புண்ணாகிவிடும். அதனால் வீட்டில் யாருமே கோதுமையைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவள் ஒர்னெல்லா.

“இதத் தின்னியாடி?”

“இல்லம்மா.”

“பொய் சொன்னா பல்லப் பேத்துடுவேன்! யாரு குடுத்தா?”

சத்தம் கேட்டுக் கணவன் துல்லியோ ஓடிவந்தான். “டாக்டரக் கூப்பிடவா?”

நிவெஸ் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள்.

“இது உன்னோடதும்மா. கார்ல உன் சீட்டுக்கடியில நீ ஒளிச்சு வெச்சது. அப்பா பாத்தா உன்னத் திட்டுவாருன்னு எடுத்துட்டேன். பயப்படாத, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டேன்.”