மேல் ரி

உப்பளத்தில் உப்பை வாரிக் குவித்துவிட்டுப் பதினோரு மணிக்கு மாதா கோயிலுக்கு வரும் ஐந்து பெண்களுக்கும், பாட்டு மாஸ்டர் ஞானப்பிரகாசம் போன வருஷம் ஆளுக்கொரு சுரம் பிரித்துக் கொடுத்திருந்தார். ச, க, ப சேர்ந்து ஒலித்தால் மேஜர் கார்டு என்கிற சுரக்கூட்டு. மேலே நி, அதற்கும் மேலே ஒரு ரி வைத்தால் மேஜர் நைன்த். வீட்டுக்கு வந்த பிறகும் வாசற்கதவைச் சாத்தாமல் வைத்ததுபோல் ஒலிக்கும். ஒரு கை துருத்திக்கே போய்விடுவதால் ஆர்மோனியத்தில் அவருக்கு அந்த ரி எட்டாது. அதைச் செலஸ்தினாளுக்குக் கொடுத்தார். 'போதும்' என்று அவர் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது.

ஐப்பசிப் புயலில் செலஸ்தினாள் கழுவெளி ஏரியில் மூழ்கிப்போனாள்.

1974 ஈஸ்டருக்கு நான்கு பேரே மிச்சம். "ரி இல்லாமலே பாடுங்க," என்று மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான்கு சுரங்களுக்கும் மேலே ரி கேட்டது. வழக்கம்போல் சுருதி இம்மி இறங்கியிருந்தது.

பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. "ஏம்மா, ரி இறங்குது. கொஞ்சம் தூக்கு."

ரி மெல்ல ஏறி, சரியான இடத்தில் நின்றது.

கண்ணைத் திறந்தார். நான்கு பெண்களும் எப்போதோ வாயை மூடியிருந்தார்கள். ரி மட்டும் நீண்டுகொண்டிருந்தது.

"போதும்னு சொல்லிடுங்க மாஸ்டர்," என்றாள் நி பாடுகிற லூர்தம்மாள். "அவ இன்னும் மூச்சே எடுக்கலைங்க."