புதுசா ஆக்கின டேப்லெட்

"எல்லாத்தையும் அழிச்சிட்டியாடா?"

டெர்மட் கையில் பழைய டேப்லெட். கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்ததுபோல், எந்த மொழி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றது திரை.

"ஆமாப்பா. பக்கத்து வீட்டுக் குட்டி டில்லிக்குக் கொடுக்கப்போறேன். அவங்கப்பாவும் போன வாரம் வேலைக்கு அல்பெர்ட்டாவுக்குக் கிளம்பிட்டாரு. அடுத்தவங்களுக்குக் கொடுக்கிறப்ப ஃபேக்டரி ரீசெட் பண்ணித்தானே கொடுக்கணும்?"

"அதுல என் கதைங்க இருந்துச்சேடா."

"இப்ப அதுல ஒண்ணும் இல்ல."

பதினைந்து வயது கீகன் தோளைக் குலுக்கிவிட்டு, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, சமையலறை ஓரமாகப் போட்டிருந்த சாய்வுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

டெர்மட் டேப்லெட்டை மேசைமேல் டொக்கென்று வைத்தான்.

கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்தில் மீனை நம்பிக் குடும்பம் நடத்த முடியாமல் போன ஆம்பிளைகளில் அவனும் ஒருத்தன். மூன்று வாரம் மேற்கே தூரத்து அல்பெர்ட்டாவின் எண்ணெய் வயல், ஒரு வாரம் வீடு. கீகனுக்கு நாலு வயசில் ஆரம்பித்த ஓட்டம். நாளைக் காலையும் விமானம் ஏறவேண்டும்.

அங்கே கடிகாரமும் இங்கே கடிகாரமும் ஒத்துப்போகாது. பிள்ளை தூங்கப்போகும் நேரத்தில் இவனுக்கு ஷிப்ட் முடிந்திருக்காது. அதனால் மத்தியானமே லாரிக்குள் உட்கார்ந்து, சாண்ட்விச்சை மென்றபடி ஒரு கதை சொல்லிப் பதிவு செய்து பிள்ளையின் டேப்லெட்டுக்கு அனுப்பிவிடுவான். ரப்பர் பூட்ஸ் போட்ட காட் மீன், பாதிரியாரின் தொப்பியைத் திருடிய கடற்புறா என்று வாய்க்கு வந்ததெல்லாம் கதைதான். அசதியில் பாதிக் கதையிலேயே கண்ணசந்த நாளும் உண்டு.

அதெல்லாம் ஒரு காலம். போனை எடுத்ததுமே, "பூட்ஸ் மீனு கரைக்கு வந்துச்சாப்பா?" என்பான் பிள்ளை. இப்போதெல்லாம் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள், "அம்மாகிட்ட தரேன்" என்கிறான்.

முதல் பல் விழுந்தபோது டெர்மட் ஊரில் இல்லை. முதல் ஹாக்கி கோல் போட்டபோதும் இல்லை. தானும் ஒரு அப்பாவாக இருந்தோம் என்பதற்கு அவனிடம் இருந்த சாட்சி அந்தக் கதைகள்தான். அதையும் பாவி துடைத்துப் போட்டுவிட்டான்.

டீ போட்டுக்கொண்டிருந்த மனைவி நோரீனிடம் பொரிந்து தள்ளினான்.

"ஒரு வார்த்தை கேட்டானா பாரு. இவனுக்குன்னு ராவும் பகலும் தொண்டை வறளப் பேசினேன். நாள் முழுக்கக் காதுல அந்தக் கருமத்த மாட்டிக்கிட்டுக் கிடக்கிறான், அப்படி என்ன இழவுப் பாட்டோ!"

நோரீன் டப்பாப் பாலை டீயில் ஊற்றிக்கொண்டே, "என்ன பாட்டுன்னு நீயே கேட்டுப் பாரேன்" என்றாள்.

கேட்டே விடுகிறேன் என்று விருட்டென எழுந்தவன், மகன் காதிலிருந்து இயர்போன் ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்தான்.

"...பூட்ஸ் மீனு படியேறி வந்து கதவைத் தட்டுச்சா... யாருன்னு கேட்டா... அது வந்து..."

குரல் இழுத்து இழுத்து நின்றது. பின்னால் லாரி எஞ்சின் ஓடும் சத்தம். அப்புறம் ஒரு நீளமான குறட்டை. அவனுடையதேதான்.

கண்ணைத் திறந்த கீகனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அப்பாவை நிமிர்ந்து பார்க்காமலேயே கையை நீட்டினான்.

"குடுப்பா. நீ குறட்டை விட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."