தொண்ணூற்றொன்று

பாலக்கோடு சாலையில் சவரியின் பழைய மொபெட்டைப் போலீஸ் நிறுத்தியது. எஸ்.ஐ. மாதவராஜின் கையிலிருந்த ஸ்பீடு கன் 91 என்று காட்டியது.

சவரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"தொண்ணூத்தொண்ணுங்களா? இந்த வண்டிங்களா?"

மாதவராஜ் மொபெட்டைப் பார்த்தார். சற்றுமுன் அதை முந்திக்கொண்டு போன பஸ்ஸையும் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பயப்படாதீங்கண்ணே. கன்னுல இருந்து போற அலை, வண்டி மேல பட்டுத் திரும்பி வரணும். பஸ்ஸு பெரிய உடம்பு, தூரத்துலயே மாட்டிக்கும். மொபெட்டு கிட்ட வந்தாத்தான் தெரியும். இது பஸ்ஸோட ஸ்பீடு. அதை அடுத்த ஸ்டாப்புல புடிச்சுக்குவாங்க. உங்களுக்கு ஃபைன் இல்ல, கெளம்புங்க."

"ஐயோ, அழிச்சுடாதீங்க சார். ஒரு போட்டோ எடுத்துக்கறேனுங்க."

"எதுக்குண்ணே?"

"முப்பதைத் தாண்டாத வண்டின்னு எங்க வூட்டுக்காரி இன்னைக்கு இதை எடைக்குப் போடறாளுங்க. பழைய இரும்புக்காரரு வாசல்ல வந்து நிக்கறாரு. இருபத்தாறு வருசம் ஓட்டுன வண்டிங்க. இதைப் பாத்தா வுட்டுருவா."

மாதவராஜ் சிரித்துக்கொண்டே மொபெட்டின் பக்கத்தில் கன்னைப் பிடித்தார். படம் வாட்ஸ்அப்பில் பறந்தது. இரண்டே நிமிடத்தில் போன் அடித்தது. எஸ்.ஐ.யும் கேட்கட்டும் என்று சவரி ஸ்பீக்கரைப் போட்டார்.

"இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிட்டேன்" என்றாள் மனைவி வேளாங்கண்ணி.

சவரி எஸ்.ஐ.யின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். ஸ்பீக்கரில் மனைவியின் குரல் தொடர்ந்தது.

"ஆனா ஒண்ணு சொல்லுங்க. தொண்ணூத்தொண்ணுல போற வண்டி, மொரப்பூர்ல எங்கம்மா வூட்டுக்குப் போறப்ப மட்டும் எதுக்கு மூணு மணி நேரம் உருளுது?"