கீரிக்குக் கிடைத்த இடம்

கரடி கேப்டனாக இருந்த அந்தச் சின்ன கிரிக்கெட் கிளப்பில், பல வருடமாகக் கீரிக்கு ஒரே வேலை: ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவது. பயிற்சிக்கு முதலில் வருவதும் அதுதான். ஆனால் ஒவ்வொரு முறை டீம் எடுக்கும்போதும் கரடி, "அடுத்த மேட்ச்ல பார்க்கலாம்" என்றுதான் சொல்லும். கீரி ஆசைப்பட்ட இடத்தில் ஆடியது அதன் நண்பன் முயல்.

ஒருநாள் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பவுண்டரி ஓரமாகப் புல் மூடிக் கிடந்த ஒரு குழியைக் கீரி பார்த்தது. பக்கத்தில்தான் முயல் ஃபீல்டிங் நின்றது.

"என்னடா பார்க்கிறே?" என்றது முயல்.

"ஒண்ணுமில்லை, வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்றது கீரி.

அடுத்த ஓவரில் பந்தைத் துரத்திய முயல் அந்தக் குழியில் விழுந்தது. கால் ஒடிந்துவிட்டது. முயலைத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே படுக்கவைத்ததும் கரடி, "கீரி, நீ உள்ளே வா" என்றது.

கொஞ்ச நேரத்தில் உயரமாக ஒரு கேட்ச் வந்தது. கீரி ஓடிப்போய் அதைப் பிடித்தது. எல்லோரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் கலைந்ததும், படுத்திருந்த முயல் கூப்பிட்டது. "கால் போனா போகட்டும்டா. உனக்கு ஒரு சான்ஸ் கிடைச்சுதே, அது போதும்."

கீரி திரும்பவில்லை. அடுத்த பந்துக்காகக் காத்திருப்பதுபோல் நடு மைதானத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.