ஈயின் அடியில் ஒரு பெயர்

ஈ பிடித்துக் கொடுத்த கூலியில் அறுநூற்று நாற்பது ரூபாய் பாக்கி. அதைக் கேட்கப் போன உப்பளத்துச் சுடலையாண்டிக்கு, ஆராய்ச்சிக்கு வந்திருந்த பெண் ஊசியில் குத்திய கடுகளவு ஈயைக் காட்டினாள்.

"சிறகுல மூணு வெள்ளைப் புள்ளி. புது இனம், அண்ணாச்சி! பிடிச்சவர் பேரும் போட்டிருக்கேன்."

ஈயின் அடியில் நகத்தளவு சீட்டு. எழுத்துக் கூட்டிப் படித்தார், அவர் பெயரேதான். ஏதோ ஒரு தாளில் கைநாட்டு வைத்துத் தன் உப்புப் பாத்திகளைப் பறிகொடுத்த பிறகுதான் அவர் படிக்கவே கற்றார்.

"இது எங்க போவும்மா?"

"மியூசியத்துக்கு. நூறு வருஷம் பத்திரமா இருக்கும்."

"நான் செத்த பொறவுமா? எம்பேரை வச்சு அங்க என்ன செய்வாங்க?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"காசு வேண்டாம்மா. அந்தச் சீட்டை மட்டும் கழத்தி எங்கையில குடுத்துருங்க. பாக்கி தீந்துது."